மீன் தொட்டியா, மின் தொட்டியா? ஒரே பெட்டியில் 5 பிளக்... ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளில் காத்திருக்கும் ஆபத்து!

ராஜபாளையம்:-

பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும். "அப்பா, மீன் தொட்டி வாங்கிக் குடுங்க" என்று பிள்ளைகள் அடம் பிடிக்க ஆரம்பித்து விடுவார்கள். மில்லில் ஷிப்டு முடிந்து வரும் அப்பாவும் எத்தனை நாள்தான் சமாளிப்பார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து தொட்டி வீட்டுக்கு வந்து விடுகிறது. இரண்டு அடி கண்ணாடித் தொட்டி, நாலு கோல்டு பிஷ், கலர் கல், பிளாஸ்டிக் செடி, மினுக்கு லைட்டு. வீடே ஜெகஜோதி!

தொட்டியை எங்கே வைப்பது? டி.வி. ஸ்டாண்டு பக்கத்தில்தான் இடம் இருக்கும். கரண்ட் எங்கே எடுப்பது? டி.வி.க்கு மாட்டியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான். ஏற்கனவே டி.வி., செட்டாப் பாக்ஸ், செல்போன் சார்ஜர் என்று நிறைந்து கிடக்கும் பெட்டியில் ஏர் மோட்டார், பில்டர், லைட்டு என்று இன்னும் மூன்று பிளக் ஏறும். இடம் போதவில்லை என்றால் அந்தப் பெட்டியில் இன்னொரு பெட்டி. காலையில் அவசரத்துக்கு அயர்ன் பாக்சும் அதிலேயே!

நாலு நாள் கழித்து தொட்டிக்குள் கை விடும் பையன், "ஜிவ்வுன்னு இழுக்குதுப்பா" என்பான். வீட்டில் எல்லோரும் சிரித்து விட்டு விட்டுவிடுவார்கள். அந்தச் சிரிப்பில்தான் ஆபத்தே இருக்கிறது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மீன் வளர்ப்பது புதுசு அல்ல. திருமுக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்ட ஊர் இது. ஆனால் குளத்து மீனுக்குக் கரண்ட் வேண்டாம். கண்ணாடித் தொட்டி மீனுக்கு 24 மணி நேரமும் கரண்ட் வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

எத்தனை வாட் இழுக்கும்?

"மீன் தொட்டி வச்சா ஓவர்லோடு ஆகி வயரிங் எரிஞ்சிடும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. "அது கொசுவத்தி மெஷின் மாதிரி, ஒண்ணும் ஆகாது" என்று இன்னொரு பேச்சும் இருக்கிறது. இரண்டுமே பாதி உண்மைதான்.

சாதாரண இரண்டு அடி தொட்டிக்குத் தேவையான கருவிகளின் கணக்கு வருமாறு:-

ஏர் மோட்டார் 3 முதல் 5 வாட்.

தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பில்டர் 10 முதல் 25 வாட்.

எல்.இ.டி. விளக்கு 10 முதல் 20 வாட்.

ஹீட்டர் மாட்டினால் 50 முதல் 300 வாட் வரை.

ஹீட்டரை விட்டுவிட்டால் மொத்தம் 50 வாட்தான். பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதைவிடக் குறைவு. ஒரு அயர்ன் பாக்ஸ் மட்டும் 750 முதல் 1,000 வாட் இழுக்கிறது. மிக்சி 500 முதல் 750 வாட். ஆகவே மீன் தொட்டி மட்டும் தனியாக நின்று ஒரு வீட்டு லைனை எரித்துவிடாது. இது பாதி உண்மை.

மீதிப் பாதி என்ன? தொட்டி தனியாக நிற்பதில்லை. எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரே பெட்டியில் நிற்கிறது. அதுவும் தண்ணீர் பக்கத்தில் நிற்கிறது!

பெட்டிக்குள் நடப்பது இதுதான்

வீட்டு சுவரில் இருக்கும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட் கணக்கில் சுமார் 1,380 வாட். இப்போது கூட்டிப் பாருங்கள். மீன் தொட்டி 50, டி.வி. 100, அயர்ன் பாக்ஸ் 1,000. மொத்தம் 1,150 வாட். எல்லையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அதே பெட்டியில் அம்மா சட்னி அரைக்க மிக்சியையும் மாட்டினால் 1,900 வாட். அதாவது 8 ஆம்பியருக்கு மேல்.

வயரில் ஓடும் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். 6 ஆம்பியருக்கான வயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடினால் சூடு ஏறத்தாழ இரட்டிப்பாகி விடும். பிளாட்பாரத்தில் மலிவாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டிகளில் உள்ளே இருக்கும் செம்பு நூல் அளவுதான் இருக்கும். 6 ஆம்பியர் என்று மேலே அச்சடித்திருந்தாலும் அதை நிஜத்தில் தாங்குமா என்பது சந்தேகமே. அந்த வயரைச் சுருட்டி, தொட்டிக்குப் பின்னால் திணித்து, மேலே துணியையும் போட்டு மூடினால் சூடு வெளியே போக வழியே இல்லை.

பஞ்சுத் தூசியும் பொறியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ராஜபாளையம் மில் தொழிலாளிக்கும், சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிக்காரருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மில்லில் மோட்டார் ஓவர்லோடு ஆனால் ரிலே டிரிப் ஆகி மெஷின் நின்றுவிடும். ஏன் நின்றது என்று பார்க்காமல் யாரும் மறுபடி ஓட்டமாட்டார்கள். ஆனால் அதே தொழிலாளியின் வீட்டில் பியூஸ் போனால் என்ன நடக்கிறது?

பியூஸ் கட்டையில் கம்பி!

பியூஸ் போனால், "மெலிசா இருக்கு, அதான் அடிக்கடி போகுது" என்று சொல்லி, பழைய வயரைப் பிரித்து தடிப்பான செம்புக் கம்பியைச் சுற்றி விடுகிறார்கள். அதற்குப் பிறகு பியூஸ் போவதே இல்லை. பெருமையாகவும் சொல்லிக் கொள்கிறார்கள். பியூஸ் போகாவிட்டால் வேறு எது போகும்? சுவருக்குள் இருக்கும் வயர் போகும்.

பியூஸ் என்பது உருகுவதற்காகவே வைத்த கம்பி. அது உருகினால் இரண்டு ரூபாய் செலவு. அது உருகாமல் வயர் உருகினால் வீடு செலவு.

டி.வி. வந்தது... வயரிங் வரவில்லை

இதில் மக்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. இந்த இரண்டு ஊர்களிலும் பழைய ஓட்டு வீடுகளும், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளும் நிறைய உண்டு. அவற்றில் வயரிங் செய்தபோது வீட்டுக்கு இரண்டு லைட்டு, ஒரு பேன், ஒரு பிளக் பாயின்ட் போதும் என்றுதான் கணக்குப் போட்டார்கள்.

பிறகு காலம் மாறியது. 2006-ல் அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. 2011-ல் மிக்சி, கிரைண்டர், பேன் வந்தது. ஏழை வீட்டுப் பெண்களின் கை வலியைக் குறைத்த நல்ல திட்டங்கள் அவை. அதற்குப் பிறகு தவணையில் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், சில வீடுகளில் ஏ.சி. கடைசியாக மீன் தொட்டி.

பொருள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தது. சுவருக்குள் இருக்கும் வயர் மட்டும் அப்படியே இருந்தது. அந்த ஒரு பிளக் பாயின்ட்தான் இன்றைக்கும் அத்தனை பாரத்தையும் சுமக்கிறது. 2024-ம் ஆண்டு மே 2-ந் தேதி தமிழகத்தின் மின்தேவை 20 ஆயிரத்து 830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு முன்பு இல்லாத உச்சம் அது. அந்தச் சுமை டிரான்ஸ்பார்மரோடு நின்றுவிடுவதில்லை. வீட்டு சுவிட்ச் போர்டு வரை வருகிறது.

லைன் வீடுகளில் இன்னொரு சிக்கல். நாலைந்து குடித்தனத்துக்கு ஒரே மெயின், ஒரே பியூஸ் கட்டை என்ற இடங்களும் உண்டு. ஒருவர் வீட்டு எக்ஸ்டென்ஷன் பெட்டி புகைந்தால் பக்கத்து வீட்டுக் குழந்தையும்தான் இருமும்.

2022-ம் ஆண்டு நவம்பர் மாதம் செங்கல்பட்டு மாவட்டம் ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டில் இரவு தூங்கிக் கொண்டிருந்தவர்கள் பிரிட்ஜ் வெடித்துக் கிளம்பிய புகையில் சிக்கினார்கள். 3 பேர் இறந்தனர். மின்கசிவுதான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. பிரிட்ஜ் போலவே மீன் தொட்டியும் ஆள் தூங்கினாலும் தூங்காமல் ஓடும் பொருள். ஆள் இல்லாத நேரத்தில் நடக்கும் கோளாறுதான் பெரிய கோளாறாகிறது.

கரண்ட் போனால் தண்ணீர் வரும்!

ஓவர்லோடை விடவும் மீன் தொட்டிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அதுதான் தண்ணீர். அது இரண்டு வழியில் கரண்டைத் தேடி வருகிறது.

முதல் வழி, வயர். பில்டரில் இருந்தும் ஹீட்டரில் இருந்தும் வரும் வயர் ஈரமாகவே இருக்கும். தொட்டி மேலே, பிளக் கீழே என்று இருந்தால் சொட்டுத் தண்ணீர் வயரைப் பிடித்துக் கொண்டே இறங்கி நேராகப் பிளக்குக்குள் போய்விடும்.

இரண்டாவது வழி, காற்று டியூப். இது பலருக்குத் தெரியாது. ஏர் மோட்டாரைத் தொட்டிக்குக் கீழே தரையில் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும் வரை காற்று போகிறது. திடீரென்று கரண்ட் போகிறது. காற்று நின்றதும் தொட்டித் தண்ணீர் அதே டியூப் வழியாகத் திரும்பி இறங்கும். கேனில் இருந்து டியூப் போட்டு மண்எண்ணெய் இறக்குவது போலத்தான். தண்ணீர் மோட்டாருக்குள் போகும். மோட்டார் வழியாகப் பிளக் பெட்டிக்கும் போகும். கொஞ்ச நேரத்தில் கரண்ட் திரும்ப வரும். அப்போது மோட்டாருக்குள் இருப்பது காற்று அல்ல, தண்ணீர்!

2008 முதல் 2013 வரை தமிழகம் பார்த்த கடும் மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அளவு மின்வெட்டு இன்று இல்லை. ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒரு நாள், மழைக் காற்றில் ஒரு மணி நேரம் என்று மின்தடை வரத்தான் செய்கிறது. ஒரு தடவை போய் வந்தாலே போதும், இந்த விபத்துக்கு.

இதைத் தடுக்க ஆகும் செலவு சில பத்து ரூபாய். டியூப்புக்கு நடுவில் மாட்டும் ஒருவழி வால்வு மீன் கடைகளிலேயே கிடைக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால், ஏர் மோட்டாரைத் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு ஆணியில் மாட்டினால் போதும். செலவே இல்லை.

ஈரமும் தூசியும் சேர்ந்து பிளக்கின் இரண்டு பின்களுக்கு நடுவே மெல்லிய படலமாகப் படிவது இன்னொரு ஆபத்து. அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் ஓடி, பிளாஸ்டிக் கருகி, ஒரு நாள் தீப்பிடிக்கும். இதற்கு ஓவர்லோடு தேவையில்லை. 5 வாட் மோட்டார் மாட்டியிருந்தாலும் நடக்கும். பிளக்கைச் சுற்றிப் பழுப்புக் கறையோ, கருகிய வாடையோ இருந்தால் அதுதான் எச்சரிக்கை மணி.

"எம்.சி.பி. இருக்கே, என்ன பயம்?"

புது வீடு கட்டியவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். பியூஸ் கட்டைக்குப் பதில் எம்.சி.பி. போட்டிருக்கிறோம், ஷாக் அடித்தால் தானே டிரிப் ஆகிவிடும் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. இங்கேதான் உயிர் போகிறது.

கணக்கைப் பாருங்கள். வீட்டு லைட் லைனில் போடும் எம்.சி.பி. 6 ஆம்பியர் அல்லது 10 ஆம்பியர். 6 ஆம்பியர் என்றால் 6 ஆயிரம் மில்லி ஆம்பியர். மனிதன் மீது 10 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே பிடித்த கையை விட முடியாமல் இழுத்துப் பிடிக்கும். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். அதாவது ஆளைக் கொல்லும் கரண்ட், எம்.சி.பி.யின் கண்ணுக்கே தெரியாது. ஆள் துடித்துக் கொண்டிருக்கும்போதும் எம்.சி.பி. "ஏதோ ஒரு சின்ன பல்பு எரியுது" என்று நினைத்துக் கொண்டு சும்மா இருக்கும்.

எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.டி. என்ற வேறொரு கருவி. எலக்ட்ரீஷியன்கள் இதை ஆர்.சி.சி.பி. என்றும் சொல்வார்கள். போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குறைந்தால், "எங்கேயோ தரைக்குப் போகுது" என்று புரிந்துகொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் மொத்த லைனையும் துண்டித்துவிடும்.

மீன் தொட்டிக்கு இது ஏன் ரொம்ப முக்கியம்? கை தண்ணீருக்குள். கால் தரையில். அதுவும் வீடு துடைத்த ஈரத் தரையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பில்டர் மோட்டாரின் மேல் உறையில் ஒரு விரிசல் விட்டிருந்தால் தொட்டித் தண்ணீர் முழுவதும் கரண்ட்தான். மீன் மட்டும் ஜாலியாக நீந்திக் கொண்டிருக்கும். காரணம், மீன் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கிறது, தரையைத் தொடவில்லை. தொட்டிக்குள் கை விடுகிற ஆள்தான் கரண்டுக்கு வழி. "மீன் உயிரோட இருக்கு, அப்ப கரண்ட் இல்ல" என்ற கணக்கு ஆளையே சாய்த்துவிடும்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2021-ம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் மின்சாரம் தாக்கி 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். இதில் வயல், கம்பம், கட்டிட வேலை எல்லாம் அடக்கம். தமிழகத்தில் 2023-ம் ஆண்டு, எல்லா வீடுகளிலும் ஆர்.சி.டி. பொருத்துங்கள் என்று மின்வாரியமே அறிவுறுத்தியது. அறிவிப்பு வந்தது. எத்தனை லைன் வீட்டு மெயின் போர்டில் அது ஏறியிருக்கிறது என்று போர்டைத் திறந்து பார்த்தால் தெரியும்.

டிரிப் ஆனால் கழற்றி எறியலாமா?

ஆர்.சி.டி. போட்ட சில வீடுகளிலும் ஒரு புலம்பல் உண்டு. "அது சும்மா சும்மா டிரிப் ஆகுது. ராத்திரி டிரிப் ஆனா காத்து நின்னு மீன் செத்துப் போகுது" என்று சொல்லி, கருவியையே பைபாஸ் செய்துவிடுகிறார்கள். இது வீட்டு நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பது போல. ராஜபாளையத்துக்காரர்களுக்கு நாயின் அருமை தெரியாதா என்ன?

சும்மா டிரிப் ஆகாது. எங்கேயோ கசிவு இருக்கிறது. தொட்டியின் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எந்தக் கருவி திருடன் என்று தெரிந்துவிடும். அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மீனுக்குக் காற்று நிற்கும் கவலையும் நியாயமானதே. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம் கரையும் என்றால், 35 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். ஆகவே கோடையில் காற்று நின்றால் மீன் திணறும். அதற்குத் தீர்வு பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார். தொட்டியில் மீன் கூட்டத்தைக் குறைப்பது அதைவிட மலிவான தீர்வு.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஊர் கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் கரண்ட் ஷாக் அடிக்கும். மெயினில் இருக்கும் ஆர்.சி.டி. அந்த நேரத்தில் இன்வெர்ட்டர் லைனைக் காக்காமல் போகலாம். மின்தடை நேரம்தானே என்று தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் பிளக்கையே கழற்றிவிட வேண்டும்.

நம்ம ஊருக்கு ஹீட்டர் எதற்கு?

தொட்டி வாங்கும்போது சேர்த்துத் தலையில் கட்டப்படும் பொருள்களில் ஹீட்டர் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் என்றாலும் இங்கே மார்கழியில்கூட வீட்டுக்குள் போர்த்திக் கொள்ளும் குளிர்தான், நடுங்கும் குளிர் அல்ல. கடைகளில் விற்கும் பெரும்பாலான மீன்கள் 24 முதல் 28 டிகிரி தண்ணீரில் வாழ்பவை. நம் வீட்டுத் தண்ணீர் பெரும்பாலான மாதங்களில் தானாகவே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. கோல்டு பிஷ்சுக்கோ அந்தச் சூடுகூட வேண்டாம். நோய்வாய்ப்பட்ட மீனுக்கும் குஞ்சு பொரிக்கவும் தவிர, மற்ற வீடுகளில் ஹீட்டர் தண்டச் செலவு.

தண்டச் செலவு மட்டுமல்ல. தண்ணீர் வற்றி ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும். தண்ணீர் மாற்றும்போது அணைக்க மறந்தாலும் அதே கதி. அமெரிக்காவில் 2011-ம் ஆண்டு, வயரிங் கோளாறால் அதிகச் சூடாகி உடையலாம், தீப்பிடிக்கலாம் என்று சொல்லி, சுமார் 12 லட்சம் மீன் தொட்டி ஹீட்டர்களை நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெற வைத்தது. பெரிய கம்பெனி பொருளுக்கே அந்தக் கதி. பெயர் தெரியாத பெட்டியில் வரும் ஹீட்டருக்கு யார் ஜவாப்?

பில்லும் கடிக்கும்

கரண்ட் பில் கணக்கையும் பார்த்துவிடலாம். 2 மாதத்துக்கு, அதாவது 60 நாளுக்கு:-

5 வாட் ஏர் மோட்டார் இரவு பகலாக ஓடினால் சுமார் 7 யூனிட்.

20 வாட் பில்டர் இரவு பகலாக ஓடினால் சுமார் 29 யூனிட்.

20 வாட் லைட் தினம் 8 மணி நேரம் எரிந்தால் சுமார் 10 யூனிட்.

மொத்தம் 46 யூனிட். வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்ற அறிவிப்பு 2016-ல் வந்தது. அந்த 100-ல் கிட்டத்தட்ட பாதியை மீன் குடித்துவிடுகிறது! 100 வாட் ஹீட்டர் பாதி நேரம் ஓடினால் இன்னும் 72 யூனிட். இரண்டையும் கூட்டினால் 118. "மீட்டர் பிசாசு மாதிரி ஓடுது" என்று மின்வாரிய ஆபீசில் போய் சண்டை போடுவதற்கு முன் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது நல்லது.

மாடியில் மீன் பண்ணை வைப்பவர்களுக்கு...

பொழுதுபோக்கில் தொடங்கி, குஞ்சு பொரிக்க வைத்து, கடைக்குப் போட்டு நாலு காசு பார்ப்பவர்களும் உண்டு. சென்னை கொளத்தூர் இப்படித்தான் வளர்ந்து இன்று வண்ணமீன் வியாபாரத்தில் பெயர் பெற்ற ஊராகிவிட்டது. 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்புக்கு ரூ.3 லட்சம் என்று மதிப்பீடு வைக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் அறிவிக்கப்பட்டது. உழைக்கும் குடும்பங்களுக்கு நல்ல வாய்ப்பு.

ஆனால் 20 தொட்டி, காற்று ஊதும் புளோயர், தண்ணீர் ஏற்றும் மோட்டார் எல்லாவற்றையும் வீட்டுப் பிளக் பாயின்டில் இருந்து இழுத்தால் அது தொட்டி அல்ல, தொழில். வீட்டு இணைப்பில் வியாபாரம் செய்தால் 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின் கீழ் கணக்கெடுத்து, உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கு வசூலிக்க முடியும். மீன் விற்ற லாபம் எல்லாம் அபராதத்தில் போய்விடும். தனி லைன், தனி எம்.சி.பி., தனி ஆர்.சி.டி., சரியான எர்த் ஆகியவற்றுக்கான செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்து எழுதிக்கொள்வது புத்திசாலித்தனம்.

யார் தலையில் இந்தச் செலவு?

கடைசியில் எல்லாம் பணத்தில் வந்துதான் நிற்கிறது. நல்ல ஆர்.சி.டி. ஒன்று சுமார் 2 ஆயிரம் ரூபாய். பொருத்துக் கூலி தனி. தினக்கூலிக்காரருக்கு இது மூன்று, நான்கு நாள் சம்பளம். சொந்த வீடு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுவிடலாம். வாடகை வீட்டில்? "நீ வச்ச தொட்டிக்கு நான் ஏன் செலவு பண்ணணும்?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "நாளைக்குக் காலி பண்ணப் போற வீட்டுக்கு நான் ஏன் போடணும்?" என்று குடியிருப்பவர் நினைப்பார். இரண்டு பேரும் சொல்வது நியாயம் போலத்தான் தெரியும். நடுவில் ஆபத்தில் நிற்பது தொட்டிக்குள் கை விடும் குழந்தை.

வயரிங்கும் மெயின் போர்டும் வீட்டோடு சேர்ந்தவை. குடியிருப்பவர் காலி செய்யும்போது அவற்றைக் கழற்றிக்கொண்டு போவதில்லை. ஆகவே மெயினில் ஆர்.சி.டி. போடுவது வீட்டுக்காரர் கடமை. தீப்பிடித்தால் எரியப்போவதும் அவர் வீடுதான். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் தொட்டிச் சாமானும் குடியிருப்பவர் பொறுப்பு. தொட்டி விற்கும் கடைக்காரர் ஒருவழி வால்வை ஏர் மோட்டாரோடு சேர்த்தே கொடுத்தால் அவருக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது. மின்வாரியமும் அறிவிப்போடு நிறுத்தாமல், லைன் வீடுகள் நிறைந்த தெருக்களில் முகாம் போட்டு மெயின் போர்டைப் பார்த்துச் சொன்னால் பல உயிர் மிஞ்சும். வீடு வீடாக மிக்சி கொடுக்க முடிந்த நாட்டில், வீடு வீடாக ஒரு ஆர்.சி.டி. கொடுப்பதைப் பற்றியும் யோசிக்கலாம்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

* ஏர் மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். முடியாவிட்டால் ஒருவழி வால்வு போடுங்கள்.

* எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போடாமல் சுவரில் உயரமாக மாட்டுங்கள். பிளக்குக்கு வரும் வயர், பிளக்குக்குக் கீழே ஒரு தொட்டில் போலத் தொங்கிவிட்டு மேலே ஏறட்டும். சொட்டுத் தண்ணீர் அந்த வளைவிலேயே கீழே விழுந்துவிடும்.

* தொட்டிப் பெட்டியில் அயர்ன் பாக்ஸ், மிக்சி, பிரிட்ஜ் மாட்டவே கூடாது. பெட்டிக்குள் பெட்டியும் கூடாது. வயரும் பிளக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

* தொட்டிக்குள் கை விடும் முன் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

* பியூஸ் கட்டையில் தடித்த கம்பி இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

* ஆர்.சி.டி. இருந்தால் அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். டிரிப் ஆகாவிட்டால் கருவி செத்துவிட்டது என்று அர்த்தம்.

* யாருக்காவது ஷாக் அடித்தால் தொட்டுத் தூக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள், இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். பிறகு 108-க்கு அழையுங்கள். தீ என்றால் 101. மின்வாரியப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987.

மீன் தொட்டி வைப்பது தப்பு இல்லை. நாளெல்லாம் மில் சத்தத்தில் காது அடைத்து வீட்டுக்கு வரும் ஆளுக்கு, ஐந்து நிமிடம் மீன் நீந்துவதைப் பார்த்தால் மனசு லேசாகும். பிள்ளை கேட்டு ஆசையாக வாங்கிக் கொடுத்த தொட்டி அது. இனிமேல் அவன் "ஜிவ்வுன்னு இழுக்குதுப்பா" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். எழுந்து போய் பிளக்கைக் கழற்றுங்கள்.